எல்லை கடந்து வந்த மருந்து: ஓகஸ்ட் குறோக்

நீரிழிவு நம் இல்லங்களுக்குப் புதிய நோயன்று. அந்நோயாளரின் உயிர்காக்கும் இன்சுலின் வட ஐரோப்பாவை வந்தடைந்த வரலாறு, டென்மார்க் நாட்டின் உடற்றொழிலியல் அறிஞர் ஓகஸ்ட் குறோக்கின் வாழ்க்கையோடு பிணைந்தது.

குறோக் 1874 நவம்பர் 15ஆம் நாள் கிறெனோ என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் கிறிஸ்தியான் போஹரின் மாணவராயிருந்து, பின்னர் அவரது உதவியாளரானார். நுரையீரல் ஒட்சிசனைத் தானே சுரந்து குருதிக்குள் செலுத்துகின்றது என்பது போஹரின் கொள்கை. மிகச்சிறிய வாயுக்குமிழியையும் ஆராயவல்ல கருவியொன்றைக் குறோக் தாமே அமைத்தார். மருத்துவம் பயின்ற மனைவி மரியுடன் அவர் நடத்திய ஆய்வுகள் 1910இல் வெளியாயின. ஒட்சிசன் இயல்பான பரவலாலேயே குருதியை அடைகின்றது என்பதை அவை நிறுவின. ஆசானை மறுப்பது எளிதன்று. ஆயினும் அளவீடு காட்டிய உண்மையை அவர் மறைத்தாரில்லை.

அடுத்து அவர் தசைகளை ஆராய்ந்தார். ஓய்வின்போது தசையின் மயிர்த்துளைக் குழாய்களுட் பல மூடிக்கிடக்கின்றன. உழைப்பின்போது அவை திறந்து, தசைக்கு வேண்டிய ஒட்சிசனை வழங்குகின்றன. இக்கண்டுபிடிப்புக்காக 1920ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மரிக்கு நீரிழிவு கண்டிருந்த வேளையில், 1922இல் இருவரும் அமெரிக்கா சென்றனர். கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டு நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. குறோக் அங்கு சென்று பேராசிரியர் மக்லியோட்டைச் சந்தித்தார். ஸ்கண்டிநேவிய நாடுகளில் அம்மருந்தைத் தயாரிக்கும் அனுமதியுடன் திரும்பினார். தாயகம் மீண்டதும் மருத்துவர் ஹாகடோர்னுடன் இணைந்து, மாட்டின் சதையியிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்கும் பணியில் இறங்கினார். 1923 மார்ச்சில் டென்மார்க்கின் முதல் நோயாளர்கள் அதனைப் பெற்றனர். அவர்கள் நிறுவிய நோர்டிஸ்க் இன்சுலின் ஆய்வுகூடம், 1989இல் நோவோ நிறுவனத்துடன் இணைந்து நோவோ நோர்டிஸ்க் ஆயிற்று. மனைவியின் நோயைக் கண்டு வருந்தியவரின் முயற்சி எண்ணற்ற இல்லங்களுக்கு வாழ்வளித்தது. மரியும் மேலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து 1943இல் மறைந்தார்.

அப்போது டென்மார்க் ஜேர்மன் நாசிகளின் பிடியிலிருந்தது. 1944இல், எழுபது வயதை எட்டும் வேளையில், குறோக் நாட்டைவிட்டுச் சுவீடனிற் புகலிடம் தேட நேர்ந்தது. நோபல் பரிசும் பேராசிரியர் பதவியும் அவருக்கு அரணாகவில்லை. அயல்நாடு கதவைத் திறந்தது. அதுவே அவருக்கு அரணாயிற்று. போர் முடிந்தபின் தாயகம் திரும்பிய அவர், 1949 செப்ரெம்பர் 13ஆம் நாள் கொப்பன்ஹேகனிற் காலமானார்.

ஒரு நாட்டிற் பிறந்த அறிவு மறுநாட்டாரின் உயிரைக் காத்தது. அதனைச் சுமந்து வந்தவரை இன்னொரு நாடு காத்தது. ஊசிமருந்தை நம் முதியோருக்கு ஏற்றும் வேளையில், ஒருகால் ஏதிலியாய் நின்ற அந்த மூதறிஞரையும் நாம் நினைவு கூர்வோம்.