மணி அடித்தது யார்?

மலருக்கு ஏதாவது எழுதுடா என்று மலர்க்குழு நண்பன் கேட்டபோது, ஒரு பெரிய இன்ஜினியரின் கதையைத்தான் எதிர்பார்த்திருப்பான். நான் எடுத்துக்கொண்டது ஒரு நர்ஸை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல். சிரிக்காதீங்க நண்பர்களே, காரணம் இருக்கு.

சில வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு வார்டு அழைப்பு மணி போட்டுக் கொடுத்தேன். கட்டிலருகே பட்டனை அழுத்தினால் மணி அடிக்கும், நர்ஸ் மேஜைப் பலகையில் அந்தக் கட்டிலின் விளக்கு எரியும். விரலை எடுத்தால் அணைந்துவிடும். செலவு குறைவு என்று நானே போட்ட டிசைன். ஒரு ராத்திரி ஒரு பெரியவர் அழுத்தியிருக்கிறார். சிஸ்டர் இன்னொரு நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் பலகை இருட்டு. காத்துப் பார்த்த பெரியவர் தானே இறங்கி நடக்கப்போய் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஹெட் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. பலகை முன்னால் நிறுத்தி, மணி அடித்தது யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் நைட்டிங்கேலைத் தேடிப் படித்தேன். 1820 மே 12-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்ததால் அந்தப் பெயர். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். நர்ஸ் வேலை கௌரவமில்லை என்று வீட்டில் கடும் எதிர்ப்பு. அதையும் மீறி 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றபோது அவர் கேட்ட வசதிகளைப் பாருங்க: மாடிதோறும் குழாயில் வெந்நீர், சாப்பாட்டை மேலே தூக்க ஒரு லிப்ட், அப்புறம் மணிகளுக்கு ஒரு வால்வு. மணி அடித்ததும் வால்வு திறக்கும், நர்ஸ் வந்து பார்க்கும்வரை திறந்தே நிற்கும். மின்விளக்கே இல்லாத காலம்! எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

1854 நவம்பரில் 38 பெண்களோடு கிரிமியப் போர் வீரர்கள் கிடந்த ஸ்குடாரிக்குப் போனார். கை விளக்கேந்திய காரிகை என்று பள்ளிப் பாடம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் அவர் போன பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, ஏறியது. 1855 பிப்ரவரியில் 42 சதவீதம். கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைதான் பெரிய எமன். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்தது. அதில் ராபர்ட் ராலின்சன் என்ற சிவில் இன்ஜினியரும் உண்டு (நம்ம ஆள்!). சாக்கடையைக் கழுவிவிட்டு, காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஜூனில் சாவு 2 சதவீதமளவுக்கு இறங்கியது.

ஊர் திரும்பியதும் வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து கணக்குகளை அலசினார். குண்டடிபட்டுச் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயில் செத்தவர்களே மிக அதிகம் என்று 1858-ல் வட்ட வரைபடமாகப் போட்டுக் காட்டினார். தான் பொறுப்பிலிருந்த இடத்தின் கணக்கை அவர் மூடி மறைக்கவில்லை. என்னை உலுக்கியது அதுதான்.

1860-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி திறந்தது. அதையொட்டி வெளிவந்த அவருடைய நர்சிங் குறிப்புகளில் பெரிய மருத்துவம் எதுவுமில்லை. நோயாளிக்குக் குளிராமல் ஜன்னலைத் திறப்பது, அடிக்கடி கை கழுவுவது, கட்டிலருகே குசுகுசுவென்று பேசாமலிருப்பது. நல்லாத் தூங்கினீங்களா என்று பொதுவாகக் கேட்காமல் எத்தனை மணி நேரம், எந்தெந்த நேரம் என்று கேட்க வேண்டுமாம். சைட்டில் எல்லாம் ஓகேவா என்று போனில் கேட்கிற நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? தான் இல்லாதபோதும் வேலை நடக்க ஏற்பாடு செய்வதும் பொறுப்புதான் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. ஆனாலும் இங்கத்திய சுகாதாரம் பற்றி வருஷக்கணக்கில் எழுதினார். பாசனத்துக்காக வாதாடிய ஆர்தர் காட்டனை ஆதரித்தார். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் காலமானார்.

அந்த மருத்துவமனையில் மணி முழுவதையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். இப்போது விளக்கு அணைய வேண்டுமென்றால் சிஸ்டர் கட்டிலுக்கே போய் அமுக்க வேண்டும். பெரியவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார், எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.