சர்க்கஸை உருவாக்கினவர் ஒருத்தர்... பேர் வெச்சது அவரோட போட்டியாளர்!

சர்க்கஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பார் விளையாட்டு, கோமாளி, நடுவுல ஒரு வட்டம்... அந்த வட்டத்துக்குள்ள வித்தைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு குதிரைப்படை வீரர். பேரு, பிலிப் ஆஸ்ட்லி.

1742-ல் இங்கிலாந்தின் நியூகாஸில்-அண்டர்-லைம் ஊரில் பிறந்தார். அப்பா, மரச்சாமான்கள் செய்யும் தச்சர். மகனுக்கோ இழைப்புளியைவிட குதிரை மேலதான் ஆசை. ராணுவத்துல சேர்ந்து, ஏழாண்டுப் போரில் சண்டை போட்டு, சார்ஜன்ட் மேஜர் ஆனார்.

ராணுவத்தை விட்டு வந்தவருக்குக் கைவசம் இருந்த தொழில், குதிரை ஓட்டுறதுதான். 1768-ல் லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையில் கடையைத் திறந்தார். காலையில் குதிரையேற்றப் பயிற்சி, மதியம் வித்தை. குதிரை வித்தைக்காரங்க லண்டனுக்குப் புதுசில்லை. ஆஸ்ட்லி வட்டத்தைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டார். பைக்கில் வளைவு திரும்பும்போது நீங்க உள்பக்கமா சாய்வீங்கல்ல? அதே கணக்குதான். குதிரை வட்டமா ஒரே வேகத்துல ஓடினா, முதுகு மேல நிற்கிறவர் லேசா உள்ளே சாய்ஞ்சு பேலன்ஸ் பண்ணிடலாம். சுத்தி உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் வித்தையும் தெரியும்.

ஆனா, எவ்வளவு நேரம்தான் குதிரையையே பார்க்கிறது? அதனால இடையிடையே கோமாளி, கயிற்றில் நடப்பவர்கள், குட்டிக்கரணம் போடுபவர்களை இறக்கினார். இன்னிக்கு நாம பார்க்கிற சர்க்கஸின் ஃபார்முலா அங்கேதான் செட் ஆச்சு.

1782-ல் பாரிஸிலும் அரங்கம் திறந்தார். அதே வருஷம்தான் லண்டனில் அடி விழுந்தது. அவர்கிட்ட வேலை பார்த்த சார்லஸ் ஹியூஸ், பக்கத்துலயே 'ராயல் சர்க்கஸ்'னு போட்டிக்கு ஒண்ணு ஆரம்பிச்சார். தன் அரங்கத்தை 'ஆம்ஃபிதியேட்டர்'னு சொல்லிட்டிருந்தார் ஆஸ்ட்லி. உலகம் பிடிச்சுக்கிட்டது என்னவோ போட்டியாளர் வெச்ச பேரைத்தான்!

சோதனை அதோட நிக்கலை. 1794-ல் அவரோட லண்டன் அரங்கம் எரிஞ்சுபோச்சு. திரும்பக் கட்டினார். 1803-ல் மறுபடியும் தீ. அப்போ வயசு அறுபதைத் தாண்டியாச்சு. அப்பவும் அரங்கம் எழுந்து நின்னது. 1814-ல் பாரிஸில் இறந்தார்.

பேர் அவர் வெச்சது இல்லை. கட்டடமும் இன்னிக்கு இல்லை. ஆனா, அவரோட அரங்கத்துல நிலைச்ச 42 அடி, அதாவது சுமார் 13 மீட்டர் வட்டம், இன்னமும் உலகம் முழுக்க சர்க்கஸ்களின் அளவுகோல். அடுத்த முறை கேலரியில உட்காரும்போது கொஞ்சம் கீழே பாருங்க, அங்கே இருக்கு ஆஸ்ட்லியோட கையெழுத்து!