துகளைத் திரட்டிய மேதை வொல்லாஸ்டன்

தேய்ந்த மூட்டுக்கும் சிதைந்த எலும்புக்கும் ஈடாக டைட்டானியம் என்னும் உலோகத்தை மருத்துவர்கள் இன்று நம் உடலுக்குள் பொருத்துகின்றனர். அதில் ஒரு வகை, கடற்பஞ்சைப் போல நுண்துளைகள் நிறைந்தது. உலோகத்தை உருக்காமல், அதன் தூளை அழுத்திச் சூடேற்றி அதைச் செய்கின்றனர். இத்தகைய தூள் உலோகவியலுக்கு வழி வகுத்தவர்களுள் சிறந்தவர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன். அவர் வாழ்வைச் சற்று நோக்குவோம்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த ஈஸ்ட் டெரஹாம் என்ற ஊரில் 1766 ஆகஸ்டு 6ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஆங்கிலிக்கன் சபைக் குரு, விண்மீன்களை ஆராய்ந்தவர். மகனோ கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். நோயாளிகளைப் பற்றிய கவலை அவரை ஓயாமல் வாட்டியதால், 1800இல் மருத்துவத் தொழிலை விட்டு, இலண்டனில் வேதியியல் ஆய்வில் இறங்கினார்.

அக்காலத்தில் பிளாட்டினம் ஒரு முரட்டு உலோகம். அதை உருக்க 1,768 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அன்றைய உலைகளுக்கு அது எட்டாதது. வொல்லாஸ்டன் வேறு வழி கண்டார். தாதுவை இராஜ திராவகத்தில் கரைத்து, நவச்சாரம் சேர்த்து மஞ்சள் நிற வீழ்படிவைப் பெற்றார். அதை மெல்லச் சூடேற்ற, நவச்சாரம் ஆவியாகி அகன்று பஞ்சு போன்ற பிளாட்டினம் எஞ்சியது. அதை அழுத்தி அரைத்தால் துகள்களின் மேற்பரப்பு மெருகேறி ஒன்றோடொன்று ஒட்டாமற் போகும். ஆகவே கையாலேயே மெதுவாகத் தேய்த்துத் தூளாக்கினார். ஈரத்தூளைப் பித்தளை அச்சிலிட்டு நெம்புகோலால் அழுத்தி, சூடேற்றி, சம்மட்டியால் அடித்தார். துளைகள் மூடிக்கொண்டன, கெட்டியான உலோகம் கிடைத்தது! கந்தக அமிலத்தைக் காய்ச்சும் கலங்கள் அதிலிருந்து உருவாயின.

இவ்வாய்வின் ஊடே பல்லேடியம், ரோடியம் என்னும் இரு தனிமங்களையும் அவர் கண்டுபிடித்தார். செல்வம் குவிந்தது. ஆனால் செய்முறையை மட்டும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இரகசியமாகவே காத்தார்.

மேதைகளும் தவறுவதுண்டு. மெர்தர் டிட்வில் இரும்பு உலைக் கசடில் கிடைத்த செம்பு நிறப் படிகங்களை, 1823இல் அவர் டைட்டானியம் என்றே கருதினார். அவற்றில் நைட்ரஜனும் கரியும் கலந்திருப்பதை 1849இல் ஃவோலர் என்ற ஜெர்மானியர் மெய்ப்பித்தார். சூடான டைட்டானியம் காற்றை அவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும்! இன்று அதன் தூளை வெற்றிடத்தில் சூடேற்றுவது இதனால்தான்.

1828இல் மூளைக்கட்டி அவரை வீழ்த்தியது. முடிவு நெருங்கியதை உணர்ந்த அவர், மறைத்து வைத்த செய்முறை தம்மோடு புதைந்துவிடலாகாது எனத் துணிந்தார். படுக்கையிலிருந்தே சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். நவம்பர் 20ஆம் நாள் இராயல் சொசைட்டியில் அது வாசிக்கப்பட்டது. டிசம்பர் 22ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்றைய முறையைப் பாருங்கள்! டைட்டானியத் தூளுடன் அம்மோனியம் பைகார்பனேட் போன்ற உப்பைக் கலந்து அழுத்துவர். சூட்டில் உப்பு ஆவியாகிவிடும். அது இருந்த இடம் துளையாகும். துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று பிணையும். வொல்லாஸ்டன் மூடப் பாடுபட்ட துளைகளை நாம் விரும்பித் திறந்து வைக்கிறோம். ஏன்? கெட்டி டைட்டானியம் எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பானது. உடலின் பாரத்தை அதுவே தாங்கிக்கொண்டால், வேலையற்ற எலும்பு நலிந்துபோகும். துளைகள் அவ்விறைப்பைக் குறைக்கின்றன. புது எலும்பும் அவற்றினுள் வளர்ந்து வேரூன்றுகிறது.

கவலை தாளாமல் மருத்துவத்தை விட்டு விலகியவரின் கைவழி, இன்று மருத்துவத்திற்கே திரும்பி வந்துள்ளது. பூட்டி வைத்த அறிவு ஒருவரை வளமாக்கும். பகிர்ந்த அறிவோ தலைமுறைகளை வாழ்விக்கும். நாம் கற்பதையும் அவ்வாறே பகிர்வோமாக!