இரு கரைகளில் சவேரியார்

ஒரு மொழியில் தோன்றிய கருத்தை மற்றொரு மொழியில் உரைப்பது எளிய செயலன்று. சொல்லுக்குச் சொல் கிடைத்துவிட்டாலும் பொருள் வழிதவறிவிடக்கூடும். கேட்பவரின் மனத்தில் அச்சொல் முன்பே என்ன பொருளோடு வாழ்ந்துவந்தது என்பதை அறியாதவர், தாம் எண்ணியதை ஒருபோதும் சொல்லிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் தென்கடற்கரையிலும், பின்னர் ஜப்பானிலும் சமயப்பணி ஆற்றிய பிரான்சிஸ் சவேரியார், இவ்வுண்மையைத் தம் வாழ்நாளில் இருமுறை உணர்ந்தார்.

இளமையும் துறவும்

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ள நவார் நாட்டில், சவேரியர் கோட்டையில் பிறந்தார். பாஸ்க் மொழி அவருடைய தாய்மொழி. 1525ஆம் ஆண்டு பாரிசுப் பல்கலைக்கழகம் சென்று மெய்யியல் பயின்றார். கல்வியாலும் குடிப்பிறப்பாலும் உயர்பதவி எய்த வாய்ப்பிருந்த அவர், இஞ்ஞாசியாரின் நட்பால் துறவு வாழ்க்கையை நாடினார். 1534ஆம் ஆண்டு இஞ்ஞாசியாருடனும் பிற தோழர்களுடனும் இணைந்து துறவுறுதி ஏற்றார். இக்குழுவே பின்னாளில் இயேசு சபையாக வளர்ந்தது.

போர்த்துகல் அரசரின் வேண்டுகோளை ஏற்று இந்தியாவுக்குப் புறப்பட்ட அவர், 1541ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்றே லிஸ்பனில் கப்பல் ஏறினார். ஓராண்டுக்கும் மேற்பட்ட பயணத்துக்குப் பின் 1542ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் கோவாவை அடைந்தார்.

முத்துக்குளித்துறையில்

அவ்வாண்டின் இறுதியில் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். குமரிமுனை முதல் தூத்துக்குடிக்கு வடக்கே வரையிலும் பரவியிருந்த அக்கடற்கரையில் பரதவர் முத்துக்குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். முத்துக்குளிக்கும் உரிமை குறித்து எழுந்த பூசலில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிய அவர்கள், 1535ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்களுடைய மொழியில் சமயத்தைக் கற்பிப்பார் எவருமிலர்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்கு அவர் மொழி தெரியாது. எனவே, இருமொழியும் ஓரளவு அறிந்தோரை ஒருங்கு கூட்டி, அடிப்படைச் செபங்களைப் பெரும் உழைப்போடு தமிழில் பெயர்க்கச் செய்தார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியேந்தி ஊர்த்தெருக்களில் நடந்து, சிறுவரையும் பெரியோரையும் திரட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கற்பித்தார். நோயுற்றோர் இல்லங்களுக்குத் தாம் செல்ல இயலாதபோது செபம் கற்ற சிறுவரை அனுப்பினார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்களுக்கிடையே அவர் ஓயாது நடந்தார்.

மனப்பாடம் பரவியது, ஆனால், மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. நம்பிக்கை அறிக்கையில் நம்புகிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில், எனக்கு வேண்டும் என்னும் பொருள்படும் தொடர் அமைந்திருந்தது. நம்பிக்கையை உரைப்பதாகக் கருதிய மக்கள், உண்மையில் விருப்பத்தையே உரைத்துவந்தனர். கிறிஸ்து மனமுவந்து துன்பம் ஏற்றதைக் கூறும் இடத்திலும், வன்முறைக்கு ஆட்பட்டதாகப் பொருள்தரும் சொல் புகுந்திருந்தது. 1544ஆம் ஆண்டு இவற்றை அறிந்த சவேரியார், வேண்டும் என்பதை நீக்கி விசுவாசம் என்னும் சொல்லைக் கையாளுமாறு தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார்.

அதே ஆண்டு சூன் திங்களில் வடுகப் படையினர் குமரிமுனைப் பகுதியைத் தாக்கினர். உயிர்தப்பிய மக்கள் கடலிலுள்ள பாறைகளில் தஞ்சமடைந்து, கடும்வெயிலில் உணவும் நீருமின்றி வாடினர். சவேரியார் 20 தோணிகளில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு மணப்பாட்டுக் கடல்வழியே புறப்பட்டார். எதிர்க்காற்றால் தோணிகள் முன்னேற முடியவில்லை. திரும்பிவந்த அவர், தரைவழியே நடந்து சென்று அம்மக்களைக் கண்டு துயர்துடைக்க முயன்றார். போர்த்துகீசிய அதிகாரிகள் மக்களுக்கு இழைத்த கொடுமைகளைக் கண்டித்து, அரசருக்கே முறையீடு அனுப்பவும் அவர் தயங்கவில்லை.

எனினும், இக்கரையில் வாழ்ந்தோரின் பழைய வழிபாடுகளையும் அவற்றின் பின்னிருந்த சிந்தனையையும் அறிய அவர் அக்காலத்தில் முயன்றாரல்லர். அவற்றைப் பிழை என்றே கருதினார். சிலைகள் உடைக்கப்பட்டதை மகிழ்ச்சியோடு எழுதினார். கற்பிப்பதே தம் கடமை என்று எண்ணிய அவருக்கு, கேட்டறிவதன் தேவை பின்னரே புலப்பட்டது.

ஜப்பானை நோக்கி

1545ஆம் ஆண்டு மயிலாப்பூரில் சில திங்கள் தங்கியபின், மலாக்காவுக்கும் மொலுக்காத் தீவுகளுக்கும் சவேரியார் சென்றார். 1547ஆம் ஆண்டு இறுதியில் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியர் அவரைச் சந்தித்தார். கொலைக் குற்றத்துக்கு ஆளாகித் தாய்நாட்டை விட்டு வந்திருந்த அஞ்சிரோ, மன அமைதி தேடி அலைந்துகொண்டிருந்தார். அவருடைய கூர்மையான வினாக்களும் அறிவு வேட்கையும் சவேரியாரை வியப்பில் ஆழ்த்தின. மறு ஆண்டு கோவாவில் அஞ்சிரோ திருமுழுக்குப் பெற்றார்.

1549ஆம் ஆண்டு சூன் திங்களில் மலாக்காவிலிருந்து ஒரு சீனக் கப்பலில் புறப்பட்ட சவேரியார், ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமா துறைமுகத்தில் இறங்கினார். கோஸ்மே தோரஸ், ஹுவான் பெர்னாந்தஸ் என்னும் சபையினர் இருவரும் அஞ்சிரோவும் அவருடன் சென்றனர். சட்சுமா நாட்டுத் தலைவர் ஷிமாசு தகஹிசா அவர்களை வரவேற்றார்.

அஞ்சிரோவின் துணையால் கிறித்தவக் கொள்கை விளக்கம் ஒன்று ஜப்பானிய மொழியில் ஆக்கப்பட்டது. ககோஷிமாவில் இருந்த புத்த மடத்தின் படிகளில் அமர்ந்து சவேரியார் அதனை உரக்கப் படிப்பார். பிழைபட்ட ஒலிப்பைக் கேட்டுச் சிலர் நகைத்தனர். சிலர் நின்று கேட்டனர். அம்மடத்தின் முதிய தலைவர் நின்ஷித்சு அவருடைய நண்பரானார். ஆன்மா அழியுமா அழியாதா என்பது பற்றி இருவரும் பலமுறை உரையாடினர். நட்பு நிலைத்தது, கருத்து வேறுபாடும் நிலைத்தது. ஓராண்டில் ஏறத்தாழ நூறு பேர் கிறித்தவராயினர். பின்னர்த் தகஹிசா மதமாற்றத்துக்குத் தடை விதித்ததால், சவேரியார் ஹிராதோவுக்குச் சென்றார்.

பேரரசரின் இசைவைப் பெற்றால் நாடெங்கும் பணியாற்றலாம் என்று கருதிய அவர், கடுங்குளிரில் பனிபடர்ந்த வழிகளில் நடந்து, 1551ஆம் ஆண்டு தொடக்கத்தில் மியாகோ எனப்பட்ட கியோத்தோவை அடைந்தார். நெடிய போர்களால் தலைநகர் சிதைந்திருந்தது. பேரரசருக்கு ஆட்சி அதிகாரம் இல்லை. எளிய உடையோடும் வெறுங்கையோடும் வந்தவருக்கு அரண்மனைக் கதவு திறக்கவில்லை. தமிழ்க் கடற்கரையில் மதிப்பைத் தேடித்தந்த எளிமை, இங்குத் தகுதியின்மையாகக் கருதப்பட்டதை அவர் உணர்ந்தார். எனவே, சிறந்த உடையணிந்து, கடிகாரம் முதலிய அரிய பரிசில்களோடு யமகுச்சித் தலைவர் ஓஉச்சி யோஷிதகாவைக் கண்டார். பணியாற்றும் உரிமையும், தங்குவதற்கு வெறுமையாயிருந்த மடம் ஒன்றும் கிடைத்தன.

ஒரு சொல்லால் நேர்ந்த குழப்பம்

கடவுளைக் குறிக்க அஞ்சிரோ தைநிச்சி என்னும் சொல்லைத் தந்திருந்தார். அவர் புத்த சமய நூல்களை ஆழ்ந்து கற்றவரல்லர். ஷிங்கோன் பிரிவுத் துறவியர், சவேரியாரின் உரை தங்கள் கொள்கையை ஒத்திருப்பதாக எண்ணி மகிழ்ந்தனர். அவர்களை அணுகி ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தைநிச்சி என்பது அப்பிரிவினர் போற்றும் புத்தரின் பெயர். இரண்டாண்டுகளாகத் தாம் எடுத்துரைத்தது மக்கள் செவியில் வேறொன்றாக விழுந்திருப்பதை அறிந்த சவேரியார், அச்சொல்லை உடனே கைவிட்டார். இலத்தீன் சொல்லாகிய தேயுஸ் என்பதையே வழங்கலானார். அதனையும் எதிர்ப்பாளர்கள் பெரும்பொய் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லாகத் திரித்து எள்ளினர்.

யமகுச்சியில் காலை முதல் இரவு வரை மக்கள் வினாத் தொடுத்தனர். கிறித்தவத்தை அறியாமல் இறந்துபோன தம் முன்னோருக்கு மீட்பு உண்டா என்று அவர்கள் கேட்டனர். இல்லை என்னும் விடையைக் கேட்டுக் கண்ணீர் வடித்தனர். தம் காலத்துச் சமயக் கோட்பாட்டை மீறாத சவேரியார் விடையை மாற்றவில்லை. ஆயினும், அன்புக்குரியோர் அழக்கண்டு தாமும் பெரிதும் வருந்தினார். உண்மையான சமயம் எனில் சீனர் அதனை அறியாதிருப்பாரோ என்றும் அம்மக்கள் வினவினர். அவ்வினாவே அவர் சிந்தையைச் சீனத்தின்பால் திருப்பியது.

இறுதிப் பயணமும் விளைவும்

1551ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானை விட்டுப் புறப்பட்ட சவேரியார், கோவா திரும்பி, மறு ஆண்டே சீனத்துக்குக் கப்பலேறினார். அயல்நாட்டார்க்கு நுழைவு மறுக்கப்பட்டிருந்த அந்நாட்டின் கரைக்கு எதிரேயுள்ள சான்சியான் தீவில் காத்திருந்தபோது காய்ச்சலுற்று, 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், தம் 46ஆம் வயதில் உயிர்நீத்தார். அவரது உடல் பின்னர்க் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1622ஆம் ஆண்டு திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியது.

அவர் தொடங்கிய பணியில் பின்வந்தோர் மொழியறிவையே அடித்தளமாகக் கொண்டனர். முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று இலக்கணம் எழுதினார். அவர் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சேறியது. ஜப்பானுக்கு 1590ஆம் ஆண்டு அச்சுப்பொறி கொண்டுசெல்லப்பட்டது. 1603ஆம் ஆண்டு நாகசாகியில் ஜப்பானிய-போர்த்துகீசிய அகராதி வெளிவரத் தொடங்கியது. 1614ஆம் ஆண்டு அந்நாட்டில் கிறித்தவம் முற்றிலும் தடைசெய்யப்பட்டபோதும், சில குடும்பங்கள் செபங்களை வாய்மொழியாகவே தலைமுறைதோறும் காத்துவந்தன. 1865ஆம் ஆண்டு நாகசாகியில் அவர்கள் வெளிப்பட்டனர்.

சவேரியார் பன்மொழிப் புலவரல்லர், பிழையின்றி மொழிபெயர்த்தவருமல்லர். எனினும், பிழை கண்டவிடத்து அதனை மறைக்காமல் திருத்தினார். கற்பிக்கச் சென்றவர், கேட்டறியவும் கற்றுக்கொண்டார். முத்துக்குளித்துறையின் ஒரு சொல்லும் யமகுச்சியின் ஒரு சொல்லும் அவருக்கு உணர்த்தியது ஒன்றே: பிறருடைய மொழியை அறிவது, அவருடைய மனத்தை அறிவதன் தொடக்கமாகும்.