360 சீட்டு ஆட்டம் கண்ட மைசூர் மகாராஜா

செட்டிநாட்டில் கலியாணம் என்றால் முன்பெல்லாம் ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர் என்று எந்த ஊர்ப் பெரிய வீடானாலும் உறவுக் கூட்டம் பல நாள் தங்கும். விருந்து முடிந்து வெற்றிலை போட்டதும் ஆண்கள் முகப்பில் ஜமக்காளத்தை விரித்துச் சீட்டுக் கட்டைப் பிரிப்பார்கள். உள்ளே வளவில் ஆச்சிமார் பல்லாங்குழியும் தாயமும் ஆடுவார்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓடுவார்கள்.

அந்தக் கட்டில் இருப்பது 52 சீட்டு. இஸ்பேட், கிளாவர், ஆட்டின், டைமன் என்று நாலே ஜாதி. போன சீட்டு எது, கையில் நிற்கும் சீட்டு எது என்று இதற்குக் கணக்கு வைப்பதற்குள்ளேயே பாதிப் பேருக்குத் தலை சுற்றிவிடும். துருப்பை மறந்துவிட்டு மைத்துனரிடம் ஏச்சு வாங்கியவர்கள் எத்தனையோ பேர்!

ஒரு கட்டில் 360 சீட்டு இருந்தால் என்ன செய்வது?

அப்படிப்பட்ட கட்டை வைத்து ஆட ஒருவர் விதி எழுதினார். அவர் ஒரு மகாராஜா. பெயர் மும்முடி கிருஷ்ணராஜ உடையார். மைசூர் சிம்மாசனத்தில் ஐந்து வயதில் ஏறியவர். முப்பத்தேழு வயதில் ஆட்சியை இழந்தவர். அதைத் திரும்பப் பெறுவதற்காக மிச்சமிருந்த முப்பத்தாறு வருஷமும் மனுப் போட்டவர்.

எளிய வீட்டில் இளவரசன்

1794ஆம் வருஷம் ஜூலை 14ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிருஷ்ணராஜர் பிறந்தார். அப்போது மைசூரை ஆண்டவர் திப்பு சுல்தான். உடையார் வம்சத்தாருக்கு ராஜா என்ற பெயர் மட்டுமே மீதி. குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் தந்தை சாமராஜ உடையார் காலமானார். அதன் பிறகு அந்தப் பெயரும் போயிற்று. அடுத்த ராஜா என்று யாரையும் திப்பு உட்கார்த்தவில்லை. அரண்மனைச் சாமான்கள் பறிமுதலாயின. ராஜ குடும்பம் ஓர் எளிய வீட்டுக்குக் குடிபோயிற்று.

அந்த வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தாள். பெயர் லட்சுமம்மணி. உறவு முறையில் குழந்தைக்குப் பாட்டி. வம்சத்துக்கு நாடு மீள வேண்டும் என்று பல வருஷமாக இரகசியமாகக் கும்பினியாருக்குத் தூது அனுப்பிக் கொண்டிருந்தவள் அவள். அகப்பட்டிருந்தால் உயிர் தப்பியிருக்க மாட்டாள்.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போர்க்களத்தில் வீர மரணம் அடைந்தார். மைசூரின் நடுப்பகுதியை உடையார் வம்சத்துக்கே கொடுப்பது என்று கும்பினியார் முடிவு செய்தார்கள். ஜூன் 30ஆம் தேதி மைசூரில் பட்டாபிஷேகம். பட்டாபிஷேகம் செய்ய அரண்மனை ஏது? பந்தல் போட்டுத்தான் ஐந்து வயதுப் பிள்ளையைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள்.

சும்மா கொடுத்துவிடவில்லை. கும்பினிப் பட்டாளத்தின் செலவுக்காக வருஷம் 7 லட்சம் வராகன் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். ரூபாய்க் கணக்கில் இருபத்து நாலரை லட்சம். நிர்வாகம் கெட்டால் நாட்டைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு ஷரத்து எழுதிக்கொண்டார்கள். அந்த ஷரத்துதான் பின்னாளில் மகாராஜாவின் கழுத்தைப் பிடித்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1801 அக்டோபர் 24ஆம் தேதி, காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள திருப்பத்தூரில் மருது சகோதரர்களைக் கும்பினியார் தூக்கில் போட்டார்கள். கும்பினியை எதிர்த்தவர்களுக்குக் கயிறு. பணிந்தவர்களுக்கு ஒப்பந்தம். அன்றைய தென்னாடு இப்படித்தான் இருந்தது.

முத்திரை போன நாள்

சிறு வயது ராஜாவுக்காகத் திவான் பூர்ணையா ஆட்சியை நடத்தினார். திப்புவிடமும் மந்திரியாக இருந்த கெட்டிக்காரர் இவர். ஏரி வெட்டினார், பாதை போட்டார், கஜானாவை நிரப்பினார். 1810இல் பாட்டி லட்சுமம்மணி காலமானாள். மறு வருஷம் பூர்ணையா விலகினார். நிறைந்த கஜானாவும் ராஜ முத்திரையும் இளைஞரான கிருஷ்ணராஜர் கைக்கு வந்தன.

மகாராஜாவுக்குக் கை தாராளம். கோயிலுக்குக் கொடுத்தார், பண்டிதருக்குக் கொடுத்தார், பாட்டுக்காரருக்குக் கொடுத்தார், சித்திரக்காரருக்குக் கொடுத்தார். கேட்டவருக்கு இல்லை என்ற பேச்சே கிடையாது. கும்பினிக்குக் கட்ட வேண்டிய தொகையோ வருஷா வருஷம் காத்து நின்றது. கஜானா இளைத்தது. குறிப்பிட்ட தொகையைத் தருகிறேன் என்று அதிகாரிகளிடம் எழுதி வாங்கிக்கொண்டு வரி வசூலை விட்டார்கள். எழுதிக் கொடுத்தவன் சும்மா இருப்பானா? குடியானவனைக் கசக்கிப் பிழிந்தான். 1830இல் நகர் சீமையில் குடியானவர்கள் கலகம் செய்தார்கள்.

குற்றம் முழுவதும் மகாராஜா மேல் என்று சொல்ல முடியாது. குற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கும்பினியாருக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பழைய ஷரத்து கையில் இருந்தது. 1831 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங் ஆட்சியைப் பறித்துக்கொண்டார். மகாராஜா அரண்மனையில் இருக்கலாம். வருஷம் ஒரு லட்சம் வராகனும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு. தசரா தர்பார் நடத்தலாம். ஆனால் ஒரு கிராமக் கணக்கனை நியமிக்கக்கூட அதிகாரம் இல்லை.

வெள்ளைக்காரக் கமிஷனர்கள் பெங்களூரில் இருந்து நாட்டை ஆண்டார்கள். அவர்களில் மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை இருந்தார். பெங்களூர் கப்பன் பார்க்குக்குப் பெயர் வந்தது இவரால்தான்.

சித்திரம் எழுதிய சீட்டு

முப்பத்தேழு வயதில் வேலை போய்விட்டது. அரண்மனை இருக்கிறது, பணம் இருக்கிறது, பொழுது மலை போல் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலைமையில் குடியிலும் கூத்திலும் அழிந்த ராஜாக்கள் உண்டு. கிருஷ்ணராஜர் புத்தகம் பக்கம் திரும்பினார். ஆட்டம் பக்கமும் திரும்பினார்.

நம் நாட்டுப் பழைய சீட்டு இப்போதுள்ள காகிதச் சீட்டு அல்ல. கஞ்சிபா என்று பெயர். பாரசீகத்திலிருந்து மொகலாயரோடு வந்தது. 1527இல் பாபர் சக்கரவர்த்தி சிந்து தேசத்து நண்பர் ஒருவருக்குக் கஞ்சிபா அனுப்பி வைத்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இந்தச் சீட்டுகள் பெரும்பாலும் வட்டமாக இருக்கும். பணக்காரர்களுக்குத் தந்தத்திலும் ஆமை ஓட்டிலும் செய்வார்கள். மற்றவர்களுக்குத் துணியைப் பசை போட்டு அட்டையாக்கி, வர்ணமும் அரக்கும் பூசுவார்கள். ஒவ்வொரு சீட்டும் கையால் எழுதிய சித்திரம்.

மொகலாயக் கட்டில் 8 ஜாதி, 96 சீட்டு. நம் ஜனங்கள் அதைத் தசாவதாரக் கட்டாக மாற்றிக்கொண்டார்கள். 10 அவதாரம், 10 ஜாதி, 120 சீட்டு. ஒவ்வொரு ஜாதியிலும் ஒரு ராஜா, ஒரு மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண். மச்சாவதாரத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, பரசுராமருக்குக் கோடரி என்று அடையாளம் எழுதியிருக்கும். பாதி ஜாதிகளில் பத்து உசத்தி. மீதிப் பாதியில் ஒன்று உசத்தி, பத்து மட்டம்! பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர் முதலில் இறங்க வேண்டும். இரவில் ஆடினால் கிருஷ்ணர் சீட்டு வைத்திருப்பவர் இறங்க வேண்டும். எழுத்துத் தெரியாத பாட்டிகூடப் படத்தைப் பார்த்து ஆடிவிடலாம். ஆடும்போதே பேரப் பிள்ளைக்குப் பத்து அவதாரமும் பாடமாகிவிடும்.

மகாராஜாவுக்கு இது போதவில்லை. ஒரு ஜாதிக்கு 12 எண் சீட்டு வைத்தார். ராஜா, மந்திரி இருவர் போதாது என்று படச் சீட்டை ஆறாக்கினார். ஜாதிகளைப் பெருக்கிக்கொண்டே போனார். சில ஆட்டங்களில் 18 ஜாதி. பெரிய கட்டில் 360 சீட்டு. எப்போதும் வெட்டும் துருப்பு ஜாதி, எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் சீட்டு என்று விதிக்கு மேல் விதி. தம் குல தெய்வமான சாமுண்டேஸ்வரியின் பெயரால் ஓர் ஆட்டம், நவக்கிரகங்களின் பெயரால் ஓர் ஆட்டம், பஞ்ச பாண்டவர் பெயரால் ஓர் ஆட்டம் என்று வகை வகையாகக் கண்டார்.

1993இல் அமெரிக்காவில் மேஜிக் என்ற அட்டை ஆட்டம் வந்தது. 1996இல் ஜப்பானில் போகிமான் அட்டை வந்தது. படத்துக்குப் படம் வேறு சக்தி, வேறு விதி. குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடுகிறார்கள், அட்டைகளைச் சேர்க்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள். மைசூர்ச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு புதுமையாகத் தோன்றாது. ஒரு வித்தியாசம் உண்டு. மகாராஜாவின் சீட்டு கடையில் விற்கவில்லை. அத்தனை சீட்டையும் கையால் எழுத எந்தக் குடும்பஸ்தனால் முடியும்? ஆட்டமும் அரண்மனை மதிலைத் தாண்டிப் பரவவில்லை. உண்மையைச் சொன்னால், அவ்வளவு விதியையும் மனத்தில் வைக்க வேலை வெட்டி இல்லாத ராஜாவால்தான் முடியும்.

சதுரங்கத்திலும் அவர் சூரர். பலகையின் 64 கட்டத்தையும் குதிரை ஒரு கட்டத்தை இரண்டாம் முறை மிதிக்காமல் சுற்றி வர வேண்டும் என்று ஒரு புதிர் உண்டு. இதற்குப் பல விடைகளைக் கண்டுபிடித்தார். ஆட்டங்களை ஏட்டிலும் ஏற்றினார். அவர் ஆதரவில் எழுதிய ஸ்ரீதத்துவ நிதி என்ற பெரிய சித்திர நூலுக்கு ஒன்பது பாகம். எட்டுப் பாகங்களில் தெய்வங்கள், கிரகங்கள் முதலிய விஷயங்கள். ஒன்பதாவதான கௌதுக நிதியில் விளையாட்டு! 1861இல் கட்டிய ஜகன்மோகன அரண்மனையின் சுவரிலும் ஆட்டக் கட்டங்களை எழுத வைத்தார்.

பிள்ளை கூட்டிய மகாராஜா

ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, மனு ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தது. கவர்னர் ஜெனரல்கள் மாறினார்கள். பதில் மட்டும் மாறவில்லை. 1857இல் வடக்கே பெருங்கலகம் மூண்டபோது மகாராஜா பிரிட்டிஷார் பக்கமே நின்றார். நன்றிக் கடிதம் வந்தது. நாடு வரவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவரை அரித்தது. பட்டத்துக்கு ஆண் வாரிசு இல்லை. வாரிசு இல்லாத ராஜ்யங்களை டல்ஹௌசி பிரபு ஒவ்வொன்றாக விழுங்கியிருந்தார். 1848இல் சதாரா, 1854இல் ஜான்சி, நாகபுரி. 1855இல் தஞ்சாவூர் சிவாஜி மகாராஜா ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தார். தஞ்சை அரசும் அதோடு முடிந்தது. அடுத்தது மைசூரா?

செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டுப் பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வது நகரத்தார் வழக்கம். புள்ளி விட்டுப் போகக் கூடாது, வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்பதே அதன் கருத்து. கிருஷ்ணராஜரும் அதைத்தான் செய்தார். 1865 ஜூன் 18ஆம் தேதி, தம் எழுபதாம் வயதில், உறவினர் வீட்டுக் குழந்தை சாமராஜேந்திரனைச் சுவீகாரம் எடுத்தார். குழந்தைக்கு இரண்டு வயது.

கவர்னர் ஜெனரல் லாரன்ஸ் சம்மதிக்கவில்லை. பையன் சொந்தச் சொத்துக்கு வாரிசாகலாம், ராஜ்யத்துக்கு வாரிசாக முடியாது என்பது அவர் கட்சி. மகாராஜா விடவில்லை. லண்டன் வரை வழக்கைக் கொண்டு போனார். ஈவான்ஸ் பெல் என்ற வெள்ளைக்கார மேஜர் ஒருவரே மைசூருக்காகப் பரிந்து அதே 1865இல் புத்தகம் எழுதினார். கடைசியில் 1867இல் லண்டன் மந்திரி சபை இறங்கி வந்தது. பிள்ளை வளர்ந்து தகுதி பெற்றால் ஆட்சியை அவனிடம் ஒப்படைப்பதாக உத்தரவாயிற்று.

தமக்கு நாடு இல்லை. பிள்ளைக்கு உண்டு. அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டு கிழவர் ஒரு வருஷம் இருந்தார். 1868 மார்ச் 27ஆம் தேதி, எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார்.

அதே வருஷம் செப்டம்பரில் சாமராஜேந்திரனுக்குப் பட்டம் கட்டினார்கள். அப்போது அவனுக்கும் ஐந்து வயதுதான். 1881 மார்ச் 25ஆம் தேதி, ஐம்பது வருஷ வெள்ளைக்கார நிர்வாகம் முடிந்து, பதினெட்டு வயது சாமராஜேந்திர உடையார் கையில் மைசூர் திரும்ப வந்தது. 1927இல் பெங்களூர் கப்பன் பார்க்குக்கு அவர் பெயரையே அதிகாரபூர்வமாக வைத்தார்கள். ஜனங்கள் மட்டும் இன்னும் கப்பன் பார்க் என்றே சொல்கிறார்கள்.

மகாராஜாவின் சீட்டுகள் ஆடுவார் இன்றிப் பெட்டிக்குள் போயின. மைசூரில் கைவினைஞர் சிலர் கஞ்சிபாச் சித்திரம் எழுதுவதை விடவில்லை. மைசூர்க் கஞ்சிபாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வாங்குகிறவர்கள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.