ஊர் வம்பை விலைக்கு வாங்கிய கனவான்

வாசகர்களே, 1870ஆம் ஆண்டளவில் நியூயோர்க் நகரிலே வண்டியோட்டிப் பிழைத்த ஒருவரிடம் ஹென்றி பேர்க் என்ற பெயரை நீங்கள் உச்சரித்திருந்தால், அவர் காறித் துப்பியிருப்பார். அல்லது கையிலிருந்த சவுக்கை மெல்ல மறைத்திருப்பார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், மெலிந்த தேகம், தொங்கு மீசை, உயர்ந்த தொப்பி, கையில் ஒரு தடி. இத்தோற்றத்தோடு அந்தக் கனவான் நடுத்தெருவில் இறங்கிக் கையை உயர்த்தினால் வண்டிகள் நின்றன. பாரம் அதிகமென்றால் இறக்கச் சொல்வார். குதிரையின் தோளில் புண் கண்டால் அதை அவிழ்த்து இலாயத்துக்கு அனுப்பச் சொல்வார். மறுத்தவர் நீதிமன்றத்தில் நின்றார். ஊர்க்காரியங்களில் மூக்கை நுழைக்கும் பெரிய வம்பர் என்று நகரம் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டியிருந்தது.

இளமையில் அவரைக் கண்டவர்கள் இப்படி ஒரு பிற்காலத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1813ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி, பேர்போன கப்பல் கட்டும் முதலாளி ஒருவரின் மகனாக அவர் நியூயோர்க்கில் பிறந்தார். கொலம்பியாக் கல்லூரியில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே வெளியேறினார். 1843இல் தந்தை இறந்தபோது கைக்கு வந்த சொத்து, உழைக்காமலே வாழப் போதுமானதாயிருந்தது. மனைவியோடு ஐரோப்பா எங்கும் சுற்றினார், நாடகங்கள் எழுதினார், அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. ஐம்பது வயதுவரை அவர் சாதித்தது என்ன என்று கேட்டால், நன்றாக உடுத்தினார் என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

1863இல் ஜனாதிபதி லிங்கன் அவரை ரஷ்யத் தலைநகரிலிருந்த அமெரிக்க ஸ்தானிகராலயத்துக்குக் காரியதரிசியாக அனுப்பினார். அங்கே ஒரு நாள், வண்டிக்காரன் ஒருவன் தன் குதிரையை ஈவிரக்கமின்றி அடிப்பதைக் கண்டு, பேர்க் தமது வண்டியை நிறுத்தி அவனை அதட்டினார். தங்கச் சரிகை மின்னும் உத்தியோக உடையைக் கண்ட அவன் நடுங்கிச் சவுக்கைத் தாழ்த்தினான். அந்த அங்கி முதன்முறையாக ஒரு பயனுள்ள காரியத்தைச் செய்துவிட்டது என்பது பேர்க்குக்கு விளங்கியது. அதன்பின் அவர் வீதிகளில் இப்படியான காட்சிகளைத் தேடியே போகத் தொடங்கினார்.

ரஷ்யக் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் நாடு திரும்பும் வழியில் லண்டனில் தங்கினார். அங்கே 1824ஆம் ஆண்டிலிருந்தே மிருகவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று இயங்கி வந்தது. அதன் தலைவரைச் சந்தித்து, வேலைமுறை முழுவதையும் கேட்டறிந்தார். 1866 பெப்ரவரி 8ஆம் திகதி இரவு, புயல் வீசிய வேளையிலும், நியூயோர்க் கிளின்டன் மண்டபத்தில் கூடியிருந்தோர் முன் தமது திட்டத்தை விளக்கினார். ஏப்ரல் 10ஆம் திகதி அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கம் சட்டபூர்வமாக அமைந்தது. ஒன்பது நாட்களில் மிருகவதையைத் தண்டிக்கும் சட்டமும் நிறைவேறியது. தலைவராகிய பேர்க் சம்பளம் பெறவில்லை. சட்டம் படித்துப் பட்டம் பெறாதவராயினும், இவ்வகை வழக்குகளில் அரச தரப்பில் நின்று வாதாட அவருக்கு அனுமதி கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவர் நாயையும் பூனையையும் மடியில் வைத்துக் கொஞ்சும் ரகத்தவர் அல்லர். வீட்டிலே செல்லப் பிராணி வளர்ப்பதில் அவருக்கு நாட்டமே இருந்ததில்லை. வாயில்லாச் சீவனுக்கு நியாயம் வழங்குவது மனிதனுடைய கடமை. அதைச் செய்யப் பாசம் வேண்டியதில்லை. இதுவே அவருடைய நிலைப்பாடு. என் மட்டில், அவரிடம் மிகவும் மதிக்கத்தக்க குணமும் இதுதான்.

முதலில் அகப்பட்டவர்களுள் ஒருவர் புரூக்ளின் இறைச்சி வியாபாரி. கன்றுகளின் கால்களைக் கட்டி, விறகு அடுக்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக வண்டியில் ஏற்றி, தலைகள் வெளியே தொங்கச் சந்தைக்குக் கொண்டுபோவது அக்கால வழக்கம். நீதிமன்றம் 10 டொலர் தண்டம் விதித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், புளோரிடாவிலிருந்து ஆமைகளை ஏற்றிவந்த கப்பலொன்றின் தலைவனைப் பேர்க் நீதிமன்றத்துக்கு இழுத்தார். சூப்புக்கு விலைபோகும் அந்த ஆமைகள், துடுப்புக் கால்கள் துளைக்கப்பட்டு, கயிறு கோக்கப்பட்டு, மல்லாந்தபடியே கடற்பயணம் முழுவதையும் கழித்திருந்தன. (ஆமையை மல்லாத்திப் போட்டு உயிரோடு அறுத்து விற்ற காட்சி நமது கரையோரச் சந்தைகளுக்கும் ஒருகாலத்தில் புதிதல்ல.) ஆமை மிருகமே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. மண்டபம் சிரித்தது, நீதவான் தலைவனை விடுதலை செய்தார். பத்திரிகைகள் வாரக்கணக்காகப் பேர்க்கைக் கேலி செய்தன. ஆனால் பேரறிஞர் அகாசிஸ், ஆமைக்கும் பசியும் தாகமும் வேதனையும் உண்டென்று அவருக்கு ஆதரவாக எழுதினார். வழக்குத் தோற்றதால் சங்கத்தின் பெயர் நாடெங்கும் பரவியது.

பால் விடயம் இதைவிடப் பாரதூரமானது. குழந்தைகள் உள்ள வீட்டார் இதனைச் சற்று நிதானமாக வாசியுங்கள். அக்காலத்தில் நியூயோர்க், புரூக்ளின் நகரங்களில் விஸ்கி வடிசாலைகளை ஒட்டியே மாட்டுக் கொட்டில்கள் இருந்தன. தானியத்தைக் காய்ச்சி மதுசாரத்தை எடுத்தபின் எஞ்சும் கொதிக்கும் கழிவு, தொட்டிகள் வழியாகப் பசுக்களின் முன்னால் வந்து விழும். வேறு தீனியில்லை, புல்லில்லை, வெயிலில்லை. கட்டிய இடத்தை விட்டு அசைய வழியுமில்லை. பற்கள் சொத்தைபிடித்து, உடம்பெல்லாம் புண் பரவி, வாலும் அழுகி விழும். நிற்கவும் திராணியற்ற பசுவையும் விடாமற் கறந்தார்கள். அந்தப் பால் நீலம்பாய்ந்து நீர்த்திருக்கும். வெண்மைக்குச் சீமைச் சுண்ணாம்புத் தூள், தடிப்புக்கு மா. பிறகு தூய நாட்டுப்புறப் பால் என்று வண்டியில் எழுத்துத் தீட்டி, ஏழைகள் குடியிருக்கும் தெருக்களில் விற்றார்கள். அதைக் குடித்துப் பச்சிளம் பாலகர் ஆயிரக்கணக்கில் மாண்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

1858இல் ஒரு படப் பத்திரிகை இந்த அநியாயத்தைச் சித்திரங்களோடு அம்பலப்படுத்தியது. நகரசபை ஆராய்வதாகச் சொல்லிப் பூசி மெழுகியது. 1862இல் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் வியாபாரம் நின்றபாடில்லை. பேர்க்கும் அவருடைய ஆட்களும் கொட்டில்களுக்கு நேரிற் போய், பசுக்களின் நிலையைக் குறித்துக்கொண்டு, உரிமையாளர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுகாதார அதிகாரி பார்க்கத் தவறிய பாலை, மிருகவதைச் சட்டத்தின் வழியாகப் பிடித்தார் இவர். பசுவுக்குச் செய்த கொடுமைக்கே வழக்கு. ஆனால் அந்தக் கொடுமை போய்ச் சேர்ந்த இடம் தொட்டிலில் கிடந்த பிள்ளையின் வாய்.

இறைச்சியிலும் கதை இதுவே. மேற்குப் புறங்களிலிருந்து நாட்கணக்காகத் தீனும் தண்ணீருமின்றி ரயிற்பெட்டிகளில் அடைபட்டு, மிதிபட்டு வந்த மாடுகளே மேசைக்கு வந்தன. வதைபட்ட பிராணியின் இறைச்சி உண்பவனுக்கு நல்லதல்ல என்று பேர்க் ஓயாமல் வாதிட்டார். 28 மணித்தியாலத்துக்கு மேல் கால்நடைகளை இறக்காமல் கொண்டு செல்லலாகாது என்ற சட்டத்தை அமெரிக்க காங்கிரஸ் 1873இல் இயற்றியது.

ஆயினும் நாளாந்தப் போராட்டம் குதிரைகளுக்காகவே நடந்தது. நகரம் முழுவதும் குதிரையின் முதுகிலேயே ஓடியது. இரண்டு குதிரைகள் இழுக்கும் ட்ராம் வண்டியில் படிக்கட்டிலும் ஆட்கள் தொங்குவார்கள். பேர்க் அதை மறித்து, அளவுக்கு மிஞ்சியவர்களை இறங்கி நடக்கச் செய்வார். பின்னால் வண்டிகள் வரிசையாகத் தேங்கும். வேலைக்குப் போவோர் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். குதிரைகள் தண்ணீர் குடிக்கத் தெருக்களில் தொட்டிகள் அமைந்தன. 1867இல் விழுந்த குதிரைகளை ஏற்றிச் செல்ல அம்புலன்ஸ் வண்டி வந்தது. நியூயோர்க் பெல்வியூ வைத்தியசாலை நோயாளிகளுக்கு அம்புலன்ஸ் வைத்தது 1869இல்தான். 1872இன் இலையுதிர் காலத்தில் குதிரைகளுக்கு ஒருவகைச் சளிக்காய்ச்சல் பரவி, நகரங்கள் ஸ்தம்பித்தன. பொஸ்ரன் நகரம் தீப்பற்றியபோது தீயணைப்பு வண்டிகளை மனிதர்களே இழுக்க வேண்டியதாயிற்று. நோயுற்ற குதிரைகளையும் பூட்டி ஓட்ட முனைந்த கம்பனிகளின் வண்டிகளைப் பேர்க் தெருவில் நின்று திருப்பி அனுப்பினார். வேலைக்குப் போக வழியற்ற ஏழைகளின் சாபமும் அன்று அவரையே சேர்ந்தது. அது முற்றிலும் நியாயமற்ற சாபம் என்று சொல்வதற்கில்லை.

அவர் குறையற்ற மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவசரக்காரர், பிடித்த பிடியை விடாதவர். சர்க்கஸ் முதலாளி பார்னம், நெருப்பு வளையத்தினூடே பாயும் குதிரையைக் காட்டியபோது பேர்க் தடுக்க ஆளனுப்பினார். வளையத்தில் ஆபத்தில்லை என்பதைப் பார்னம் தாமே அதனூடே போய்க் காட்டிச் சபையைச் சிரிக்க வைத்தார். (பின்னர் அதே பார்னம் அவரது நண்பரானார்.) மனைவியை அடிக்கும் கணவனுக்குக் கசையடி கொடுக்கவேண்டும் என்றும் வாதாடினார். குதிரைக்குச் சவுக்கு ஆகாதென்றவர் மனிதனுக்கு அதையே கேட்டது விசித்திரந்தான்.

1874ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எற்றா வீலர் என்ற மெதடிஸ்த சபைத் தொண்டர் ஒருவர் அவரிடம் வந்தார். நியூயோர்க்கில் ஒரு நெருக்கமான குடியிருப்பிலே, படுக்கையிற் கிடந்த நோயாளிப் பெண் ஒருத்தி, மெல்லிய சுவருக்கு அப்பால் ஒரு பிள்ளை நாள்தோறும் அடிபட்டு அழுவதைச் சகிக்காமல் வீலரிடம் சொல்லியிருந்தாள். பிள்ளையின் பெயர் மேரி எல்லன்; வயது பத்தளவு. வளர்ப்புத் தாயின் கையிற் சிக்கி, வெயிலும் விளையாட்டும் அறியாமல், குளிரிலும் போதிய உடுப்பின்றி இருந்தாள். வீலர் பொலிசாரிடம் போனார், சாட்சி கேட்டார்கள். தர்ம ஸ்தாபனங்களிடம் போனார். சட்டப்படி பிள்ளையைக் கொண்டுவந்தால் ஏற்பதாகச் சொன்னார்கள். மாதங்கள் கழிந்தன. மனிதருக்கு வழி பிறக்காத இடத்தில், மிருகங்களுக்காக வாதாடுபவரைக் கேட்டாலென்ன என்று வீட்டிலுள்ள ஒருவர் சொன்ன யோசனையே அவரைப் பேர்க்கின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

பேர்க் ஆளனுப்பி விசாரித்தார். தமது சட்டத்தரணி எல்பிரிட்ஜ் ஜெரியை அழைத்தார். மிருகவதைச் சட்டத்தின் கீழ் அந்தப் பிள்ளை மிருகமாகக் கருதப்பட்டாள் என்று இன்றும் ஒரு கதை உலாவுகிறது, அது சரியல்ல. ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும்படி நீதிமன்றத்தின் ஆணை கேட்டு, ஒரு குடிமகனாகவே அவர் செயற்பட்டார். ஏப்ரல் மாதத்தில் போர்வையிற் சுற்றி மன்றுக்குக் கொண்டுவரப்பட்ட அவளுடைய முகத்திலே கத்தரிக்கோல் வெட்டுக் காயம் இருந்தது. கண்டவர்கள் கண் கலங்கினார்கள். வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுச் சிறை. அவ்வாண்டு டிசம்பரில் சிறுவர்களுக்கென ஒரு பாதுகாப்புச் சங்கம் நியூயோர்க்கில் பிறந்தது. மேரி எல்லன் வீலரின் உறவினரிடம் வளர்ந்து, மணமுடித்து, தன் மகள் ஒருத்திக்கு எற்றா என்றே பெயரிட்டு, 1956வரை உயிரோடிருந்தார்.

பேர்க் தலைமைப் பதவியை இறுதிவரை விடவில்லை. அப்போதிருந்த 38 மாநிலங்களில் 37இல் மிருகவதைத் தடைச் சட்டங்கள் வந்துவிட்டன. நீண்டகாலம் நோயுற்றிருந்த மனைவி 1887இல் காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1888 மார்ச் 12ஆம் திகதி, நியூயோர்க்கைப் பெரும் பனிப்புயல் மூடிய காலையில், தமது 74ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். அன்று ட்ராம் வண்டிகள் தெருவோரங்களில் பனிக்குள் புதைந்து நின்றன. அவற்றை இழுத்த குதிரைகள் அவிழ்த்து விடப்பட்டிருந்தன.