பதினோரு நாள் வழி. நாற்பது ஆண்டு நடை!



பதினோரு நாட்களில் நடந்து முடித்து விடக்கூடிய ஒரு பாலைவன வழி. அந்த வழியின் முடிவில் ஒரு செழிப்பான நாடு. அங்கே குடியேறப் புறப்பட்ட மக்கள் கூட்டத்துக்கு, அந்த நாட்டில் கால் வைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. அவர்களை வழிநடத்திச் சென்ற தலைவரோ, கடைசி வரை அந்த நாட்டுக்குள் போகவே இல்லை. ஆனாலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னும் உலகம் அவரை மறக்கவில்லை.

அவர்தான் மோசே. யூதர்களும் கிறிஸ்தவர்களும் மோசே என்றும், இஸ்லாமியர்கள் மூஸா நபி என்றும் அவரைப் போற்றுகின்றனர். யூதர்கள், 'தோரா' என்று அழைக்கும் ஐந்து எபிரேய நூல்களில் அவரது வரலாறு உள்ளது. அவர் வாழ்ந்த காலம் எது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வேதநூல் சொல்லும் அவரது வாழ்க்கையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

நதியில் மிதந்த கூடை

முன்னொரு காலத்தில், கானான் நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. பிழைப்பு தேடி, யாக்கோபு என்ற முதியவரின் குடும்பத்தினர் எழுபது பேர் எகிப்து நாட்டுக்குச் சென்றனர். யாக்கோபுக்கு, இஸ்ரவேல் என்ற பெயரும் உண்டு. எனவே, அவரது சந்ததியினர் இஸ்ரவேலர் எனப்பட்டனர்.

ஆண்டுகள் பல கடந்தன. இஸ்ரவேலர் பெருகினர். அதைக் கண்டு அஞ்சிய எகிப்து மன்னன், அவர்களை அடிமைகளாக்கி, செங்கல் அறுக்கவும், நகரங்கள் கட்டவும் வைத்தான். எகிப்து மன்னர்களுக்கு, 'பார்வோன்' என்று பெயர். இஸ்ரவேலருக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறிந்து விட வேண்டும் என்றும் பார்வோன் கட்டளையிட்டான்.

அந்தச் சமயத்தில் பிறந்தவன்தான் மோசே. மூன்று மாதம் அவனை ஒளித்து வளர்த்தாள் தாய் யோகெபேத். அதற்கு மேல் முடியவில்லை. நாணற்கூடை ஒன்றில் தண்ணீர் புகாமல் தார் பூசி, குழந்தையை அதில் கிடத்தி, நதியோர நாணல்களுக்கு நடுவே வைத்தாள். குழந்தையின் அக்காள் தூரத்தில் நின்று காவல் காத்தாள்.

குளிக்க வந்த மன்னனின் மகள் கூடையைக் கண்டாள். அழுத குழந்தையின் மேல் இரக்கம் கொண்டாள். உடனே அக்காள் ஓடி வந்து, பால் கொடுத்து வளர்க்க ஒரு பெண்ணை அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். இளவரசி சம்மதிக்க, அவள் அழைத்து வந்தது குழந்தையின் சொந்தத் தாயை! பெற்ற பிள்ளையை வளர்க்க, அரண்மனையிலிருந்து தாய்க்குக் கூலியும் கிடைத்தது. அந்தச் சிறுமியின் சமயோசிதம் ஒரு தலைவனையே காப்பாற்றித் தந்தது.

கோபமும், பாடமும்

அரண்மனையில் வளர்ந்தாலும், தன் மக்கள் யார் என்பதை மோசே மறக்கவில்லை. ஒருநாள், எகிப்தியன் ஒருவன், இஸ்ரவேல் அடிமை ஒருவனை அடிப்பதைக் கண்டார். கோபம் தலைக்கேற, எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்து விட்டார்.

அநியாயத்தைக் கண்டு பொங்கியது சரி; ஆனால், செய்த காரியம் சரியல்ல. அதனால் ஓர் அடிமைக்குக் கூட விடுதலை கிடைக்கவில்லை. மறுநாள், தங்களுக்குள் சண்டையிட்ட இஸ்ரவேலர் இருவரை அவர் சமாதானப்படுத்த முயன்றபோது, அவர்களில் ஒருவன், முதல் நாள் நடந்த கொலையைச் சொல்லிக் காட்டினான். பார்வோனும் அவரைக் கொல்லத் தேடினான். உயிருக்குத் தப்பி, மீதியான் என்ற நாட்டுக்கு ஓடினார் மோசே.

அங்கே, எத்திரோ என்பவரின் மகள் சிப்போராளை மணந்து, மாமனாரின் ஆடுகளை மேய்த்தார். இளவரசனாக வளர்ந்தவர் இடையரானார்! ஆடு மேய்ப்பவனுக்கு அவசரம் கூடாது. நொண்டும் ஆட்டுக்காக நிற்க வேண்டும். வழி தவறிய ஆட்டைத் தேடிப் போக வேண்டும். பின்னாளில் தேவைப்பட்ட பொறுமையை, அந்தப் பாலைவனமும் ஆடுகளும்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்.

எண்பது வயதில் புறப்பாடு

ஒருநாள், ஓரேப் மலையில், எரிந்தும் கருகாத ஒரு முட்செடியை மோசே கண்டார். எகிப்துக்குத் திரும்பிப் போய், இஸ்ரவேலரை விடுவிக்கும்படி அங்கே இறைவன் அவருக்குக் கட்டளையிட்டதாக வேதநூல் கூறுகிறது. மோசே தயங்கினார். தமக்குச் சரளமாகப் பேச வராது என்றார். வேறு யாரையாவது அனுப்பும்படி கெஞ்சினார். நன்றாகப் பேசக் கூடிய அண்ணன் ஆரோன் துணைக்கு வர, கடைசியில் சம்மதித்தார். அப்போது மோசேக்கு வயது 80, ஆரோனுக்கு 83.

பார்வோனோ மசியவில்லை. செங்கல்லுக்கு மண்ணோடு சேர்த்துப் பிசைய வைக்கோல் வேண்டும். அதுவரை அரசாங்கம் கொடுத்து வந்த வைக்கோலை நிறுத்தி விட்டு, செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டான். வேலைப்பளு கூடியதால், விடுவிக்க வந்த மோசே மீதே மக்கள் ஆத்திரப்பட்டனர்.

பின், தவளை, வெட்டுக்கிளி, கல்மழை, மூன்று நாள் இருள் என, ஒன்றன் பின் ஒன்றாகப் பத்து வாதைகள் எகிப்தைத் தாக்கின. பத்தாவது வாதையில் எகிப்தியரின் மூத்த பிள்ளைகள் இறந்தனர். பார்வோனின் மகனும் இறந்தான். அன்றிரவே இஸ்ரவேலரைப் போகச் சொல்லி விட்டான் பார்வோன். பிசைந்த மாவு புளிப்பதற்குக் கூட நேரம் இல்லாமல், அதை அப்படியே தூக்கிக் கொண்டு புறப்பட்டனர். அதன் நினைவாகத்தான், பஸ்கா பண்டிகையின்போது யூதர்கள் இன்றும் புளிக்காத அப்பம் சாப்பிடுகின்றனர்.

துரத்தி வந்த பார்வோனின் படையிடமிருந்து, கடல் பிளந்து வழி விட, அவர்கள் தப்பிய நிகழ்ச்சியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

வெங்காயமும் பூண்டும்

உலக வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில் எகிப்து இருக்கும். அதன் கிழக்கே முக்கோணம் போலத் தெரிவது சீனாய் தீபகற்பம். மலையும் பாறையும் மணலுமான வறண்ட பூமி. அங்கேதான் அந்தப் பெருங்கூட்டம் நடந்தது.

மூன்று நாள் நடந்ததும் குடிக்கத் தண்ணீர் இல்லை. கிடைத்த தண்ணீரும் கசந்தது. மக்கள் முணுமுணுத்தனர். உணவு தீர்ந்தது, மீண்டும் முணுமுணுத்தனர். காலையில் தரையில் சிறு மணிகளாகக் கிடந்த, 'மன்னா' என்ற உணவு அவர்களுக்குக் கிடைத்தது. கொத்தமல்லி விதை போல இருக்கும். தேன் கலந்த பணியாரம் போல இனிக்கும். ஆளுக்கு ஓர் ஓமர், அதாவது சுமார் இரண்டு லிட்டர் அளவு மட்டுமே எடுக்க வேண்டும். பேராசைப்பட்டு மறுநாளைக்குப் பதுக்கினால், புழு வைத்து நாறும். ஓய்வு நாளுக்கு முந்தைய நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம். தேவைக்கு மேல் குவிக்காதே என்பது, அந்தப் பாலைவனத்தில் தினமும் நடந்த பாடம்.

கொஞ்ச நாளில் அதுவும் சலித்து விட்டது. எகிப்தில் தின்ற மீனையும், வெள்ளரிக்காயையும், வெங்காயத்தையும், பூண்டையும் நினைத்து அழுதனர். அங்கே முதுகில் விழுந்த சவுக்கடி மட்டும் மறந்து போனது! எகிப்தை விட்டு வர ஓர் இரவு போதுமானதாக இருந்தது. அடிமைப் புத்தியை விட அது போதவில்லை.

இத்தனை பேரையும் மோசே எப்படிச் சமாளித்தார்? முதலில், எல்லா வழக்குகளையும் அவரே காலை முதல் மாலை வரை விசாரித்தார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, இப்படிச் செய்தால் அவரும் களைத்துப் போவார், மக்களும் களைத்துப் போவர் என்று எடுத்துச் சொன்னார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என, நேர்மையானவர்களைத் தலைவர்களாக நியமிக்கச் சொன்னார். மோசே அதை அப்படியே ஏற்றுக் கொண்டார். நல்ல யோசனையை யார் சொன்னாலும் கேட்பது பெரிய மனிதருக்கு அழகு.

மலையடிவாரத்தில்...

சீனாய் மலை மேல், பத்துக் கட்டளைகள் பொறித்த இரண்டு கற்பலகைகளை மோசே பெற்றார். ஒரே இறைவனை வணங்குதல், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, தாய் தந்தையரை மதித்தல், கொலை, களவு, பொய்ச்சாட்சி கூடாது, பிறர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது என்பவை அவற்றுள் சில. ஓய்வு, முதலாளிக்கு மட்டுமல்ல. வேலைக்காரனுக்கும், மாட்டுக்கும், கழுதைக்கும் உண்டு. வயலின் ஓரங்களை அறுக்காமல், ஏழைக்கும் அந்நியருக்கும் விட வேண்டும் என்ற சட்டமும் வந்தது. அந்நிய நாட்டில் துன்பப்பட்டவர்கள், தங்களிடம் வரும் அந்நியரைத் துன்பப்படுத்தக் கூடாது அல்லவா!

ஆனால், மோசே மலை மேல் இருந்த நாற்பது நாட்களுக்குள், மக்கள் பொறுமை இழந்து, பொன்னால் கன்றுக்குட்டி செய்து வணங்கத் தொடங்கி விட்டனர். இறங்கி வந்த மோசே, கோபத்தில் கற்பலகைகளை உடைத்தார். இந்த மக்களை அழித்து விட்டு, மோசேயின் சந்ததியையே பெரிய இனமாக்குவதாக இறைவன் சொன்னாராம். மோசே அதை ஏற்கவில்லை. மக்களை மன்னிக்காவிட்டால், தம் பெயரையும் நீக்கி விடும்படி மன்றாடினார். தம்மை ஏசியவர்களுக்காகத் தம்மையே பணயம் வைத்தார்!

பன்னிரண்டு ஒற்றர்கள்

ஓரேப் மலையிலிருந்து கானானின் எல்லையில் உள்ள காதேஸ்பர்னேயா, பதினோரு நாள் வழிதான். அங்கிருந்து பன்னிரண்டு பேர், கானானை உளவு பார்க்கச் சென்றனர். நாற்பது நாள் கழித்து, மாதுளை, அத்திப்பழங்களுடன், இருவர் தடியில் கட்டித் தூக்கி வர வேண்டிய அளவு பெரிய திராட்சைக் குலையோடு திரும்பினர்.

நாடு வளமானதுதான், ஆனால், அங்குள்ளவர்கள் ராட்சதர்கள், அவர்கள் முன் நாம் வெட்டுக்கிளிகள் என்று பத்துப் பேர் பயமுறுத்தினர். யோசுவாவும் காலேபும் மட்டும், நம்மால் முடியும் என்றனர். மக்கள், பயந்தவர்கள் பேச்சையே நம்பினர். வேறு தலைவரைத் தேர்ந்தெடுத்து எகிப்துக்கே திரும்பப் போகலாம் என்றும் பேசினர்.

விளைவு? ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என, நாற்பது ஆண்டுகள் பாலைவனத்தில் அலைய வேண்டியதாயிற்று. இருபது வயதைக் கடந்தவர்களில், அந்த இருவரைத் தவிர யாரும் கானானில் குடியேறவில்லை. பாலைவனத்தில் வளர்ந்த பிள்ளைகளே கானானுக்குள் சென்றனர். சவுக்குக்குப் பயந்து பழகாத பிள்ளைகள் அவர்கள்.

மலை உச்சியில் ஒரு பார்வை

இத்தனை ஆண்டுகள் பொறுத்த மோசே, ஒரு கணம் தவறினார். மீண்டும் தண்ணீர் இல்லை என்று மக்கள் சண்டையிட்டபோது, பாறையைப் பார்த்துப் பேசச் சொன்னார் இறைவன். மோசேயோ, ஆத்திரத்தில் மக்களைத் திட்டி, கோலால் பாறையை இரண்டு முறை அடித்து விட்டார். தண்ணீர் வந்தது. ஆனால், கானானுக்குள் செல்லும் வாய்ப்பு பறிபோனது. தலைவர் என்றால், தவறுக்குக் கணக்கும் அதிகம்.

ஒரே ஒரு முறை உள்ளே போய் வர அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. வேறு ஒருவராக இருந்தால், எனக்கில்லாத நாடு யாருக்கு வேண்டும் என்று ஒதுங்கியிருப்பார். மோசே ஒதுங்கவில்லை. மக்கள், மேய்ப்பன் இல்லாத ஆடுகளாகி விடக்கூடாது என்று கவலைப்பட்டார். யோசுவாவை அடுத்த தலைவராக்கி, மக்கள் முன் நிறுத்தித் தைரியம் சொன்னார்.

பின், மோவாப் நாட்டு நேபோ மலை மேல் ஏறினார். இன்று அது ஜோர்டான் நாட்டில் உள்ளது. அங்கிருந்து யோர்தான் நதிக்கு அப்பால் பரந்து கிடந்த கானானைக் கண் நிறையப் பார்த்தார். அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 120. அவருக்காக முப்பது நாள் அழுத மக்கள், பின்னர் யோசுவாவின் தலைமையில் நதியைக் கடந்தனர்.

குழந்தைகளே! தென்னையை வைத்தவன் தின்று விட்டுச் சாவான். பனையை வைத்தவன் பார்த்து விட்டுச் சாவான் என்று நம் ஊரில் சொல்வர். மோசே, பனை வைத்தவர். பலன் தமக்குக் கிடைக்காது என்று தெரிந்த பிறகும், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதவர்.

நீங்கள் நட்ட மரத்தின் நிழலில் வேறு யாரோ உட்காரலாம்; நீங்கள் சொல்லிக் கொடுத்த கணக்கில் உங்கள் நண்பன் கூடுதல் மதிப்பெண் வாங்கலாம். அப்போது மனம் சுருங்கினால், நேபோ மலை மேல் நின்ற அந்த முதியவரை நினைத்துக் கொள்ளுங்கள்!